குதிரைக்காரர் நாடகத்தில் நான் மாற்றிச் சொன்னது

மாமி,

குதிரைக்காரர் நாடகம் மறுபடியும் வந்துவிட்டது. அதே கிறிஸ்தவ அலைவரிசை, அதே நாலு மணி, தொடக்கத்தில் வருகிற அதே வயலின். குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் கையைக்கூடக் கழுவாமல் முன்னறைக்கு ஓடினேன். உங்கள் கதிரையைப் பார்த்த பிறகுதான் நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஒரு வித்தியாசம் மட்டும். இப்போது அவர்கள் எல்லாரும் தமிழ் பேசுகிறார்கள். இந்தியாவில் யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள். பனிக்குள் நிற்கிற அந்த வெள்ளைக்காரக் கிழவன் பேரனைப் பார்த்து, "வாப்பா, சாப்பிடலாம்" என்கிறான். நீங்கள் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. இந்த நாடகத்தில் எத்தனையாவது நாள் என்ன நடக்கும் என்பது என் கொப்பியில் இருக்கிறது. அந்தக் கிழவன் எந்த நாளில் வாயைத் திறந்து என்னைக் காட்டிக்கொடுப்பான் என்பதும் இருக்கிறது.

சலரோகத்தில் சீனி ஏறி உங்கள் கண் மங்கி, முகம் தெரியாமல் அசைவு மட்டும் தெரிகிற நிலைக்கு வந்த வருடம்தான் அது முதலில் ஒளிபரப்பானது. உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கும் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் இல்லை. எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்து போனவள் நான். தமிழ் வேதாகமத்தையும் ஆங்கில வேதாகமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, அகராதியும் கையுமாக நானே பிடித்துக்கொண்ட ஆங்கிலம்தான் இருந்தது. அதை நம்பி நீங்கள் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டீர்கள். அவர்கள் ஒரு வசனம் பேச, உங்கள் காதுக்குள் நான் ஒரு வசனம் சொல்வேன். மூச்சு வாங்க நிறுத்தினால், "பிறகு?" என்பீர்கள். விளங்காத சொற்களை வீட்டுக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் குறிக்கத் தொடங்கினேன். நாளடைவில் யார் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் எழுதி, பின்பக்கம் முழுக்க நாடகமாகிவிட்டது.

உங்கள் மூத்த மகன் நம்மைப் பரிகசிக்காத நாள் இல்லை.

"மாடு மேய்க்கிறவன் அழ, இங்க மாமியும் மருமகளும் மூக்கைச் சிந்துறீங்கள். துறைமுகத்தில கப்பல் மூழ்கினாலும் இப்பிடி அழமாட்டீங்கள்."

"நீ போடா. அங்க ஆம்பிளையள் மன்னிப்புக் கேக்கினம். நீ உன்ரை மனுசியிட்டை ஒருக்காக் கேட்டுக் காட்டு, நான் ரிவியை நிப்பாட்டுறன்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ரிவியும் நிற்கவில்லை.

மற்ற நாடகங்களை நீங்கள் வைக்க விடமாட்டீர்கள். "உதுகளில மாமி மருமகளுக்கு நஞ்சு வைக்கிறாள், மருமகள் மாமிக்கு வைக்கிறாள். பார்த்திட்டு உன்ரை கையால தேத்தண்ணி வாங்கிக் குடிக்கப் பயமாக் கிடக்கு பிள்ளை" என்பீர்கள். குதிரைக்காரர் வீட்டிலும் சண்டை வந்தது. ஆனால் செபம் பண்ணாமல் யாரும் கரண்டியைத் தொடவில்லை. அன்றைய பகுதி முடிவதற்குள் யாராவது ஒருவர் எழுந்து மற்றவரிடம் போனார். அதில் அப்படி என்ன இருந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நாம் இரண்டு பேரும் சண்டைக்காலம் முழுவதும் இந்த மண்ணிலேயே இருந்தவர்கள். பொழுதுபட்டபின் கதவு தட்டினால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தவர்கள். அந்த நாடகத்தில் கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் நல்லதுதான் வந்து நிற்கும். அப்படி ஒரு வீட்டை ஒரு நாளைக்கு முக்கால் மணித்தியாலம் பார்க்கக் கிடைத்தது நமக்குப் போதுமாக இருந்தது.

நம்முடைய வீட்டில்தான் ஒருவரும் எழுந்து போகவில்லை.

உங்கள் சின்ன மகன் நேசன், உப்புவெளியில் கௌரியைக் கட்டினான். அவள் சைவப் பிள்ளை. தாலி கட்டியது கோயிலில். இரண்டாம் நாள் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தவனை நீங்கள் வாசல் படலைக்கு வெளியிலேயே நிறுத்தினீர்கள். "நான் செத்தால் என்ரை பெட்டிக்கும் வராதை" என்றீர்கள். நான் உங்களுக்குப் பின்னால் நின்றேன், ஒரு சொல் சொல்லாமல். அவன் உங்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "நீங்கள்தான் அண்ணி, அம்மாவுக்கு ஓதிக் குடுக்கிறது" என்றான். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. உப்புவெளிக்கு பஸ்ஸில் இருபது நிமிடம். நாலு வருடம் இந்தப் பக்கமிருந்து அங்கே ஒருவரும் போகவில்லை, அங்கிருந்தும் ஒருவரும் வரவில்லை.

குதிரைக்காரக் கிழவனுக்கும் ஒரு சின்ன மகன் இருந்தான். கிழவன்தான் அவனைத் துரத்தியவன். அந்தக் கதை தொடங்கிய பிறகு நீங்கள் "பிறகு?" என்று கேட்பது குறைந்துபோனது. ஒரு நாள், கிழவன் லாயத்துக்குள் கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, போவதா விடுவதா என்று நிற்பதோடு முடித்துவிட்டார்கள். நீங்கள் என் கையைத் தேடிப் பிடித்தீர்கள்.

"நாளைக்கு இந்தக் கிழவன் போனானெண்டால் நானும் போறன் பிள்ளை. நேசனிட்டை. நீ என்னை பஸ்ஸில ஏத்திவிடு."

மறுநாள் காலையில் அலுமாரியைத் தடவித் தடவி, ஆராதனைக்குக் கட்டுகிற அந்த வெள்ளைச் சீலையை எடுத்து, அயன் பண்ணித் தரச் சொன்னீர்கள். பண்ணித் தந்தேன்.

நாலு மணிக்குக் கிழவன் வண்டியைப் பூட்டினான். பனிக்குள்ளால் மகன் வீட்டுக்குப் போனான்.

"ஆரோ வண்டியில வாறாங்கள். ஆர் பிள்ளை அது?" என்றீர்கள்.

"மகன் மாமி. மகன் வீட்டை திரும்பி வாறான்."

"கிழவன் மாதிரியெல்லோ கிடக்கு. முதுகு கூனிப்போய்."

"குளிருக்குக் குனிஞ்சு வாறான்."

அவன் கதவைத் தட்டினான். கதவு திறந்தது. கிழவன் பேசினான். நான் உங்கள் காதுக்குள், "அப்பா, பிழை என்னிலதான். என்னை மன்னியுங்கோ" என்றேன்.

"குரலும் கிழவன்ரை குரலாக் கிடக்கே?"

"அழுதழுது தொண்டை கட்டிப்போச்சு மாமி."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். பார்வை மங்கிய அந்தக் கண்கள் என் முகத்தில் எதைத் தேடின என்று எனக்குத் தெரியாது. "அப்ப, தகப்பன் போகேல்லை" என்றீர்கள். "இல்லை மாமி. மகன்தான் வந்தவன்." "ம். அதுதானே முறை" என்று சொல்லி எழுந்தீர்கள். சீலையைத் திருப்பி அலுமாரிக்குள் வைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வேதத்து உவமையில் வீட்டை விட்டுப் போன கெட்ட குமாரன்தானே எழுந்து தகப்பனிடம் வந்தான், நாடகக்காரர்கள் தலைகீழாக எடுத்துவிட்டார்கள், நான் வேதத்தின்படி திருத்திச் சொன்னேன் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். பெற்ற தாய் போய்ப் பிள்ளையின் வாசலில் நிற்பது மரியாதை இல்லை என்று பிறகு சொல்லிக்கொண்டேன். இரண்டும் உண்மை இல்லை மாமி. உங்களுக்கு ஊசி போட்டதும் கால் கழுவித் துடைத்ததும் நான். ஒரு நாளும் எட்டிப் பார்க்காதவனிடம் நீங்கள் வெள்ளைச் சீலை கட்டிக்கொண்டு போவதை என்னால் தாங்க ஏலாமல் இருந்தது. அந்த உவமையில், தம்பிக்கு விருந்து வைத்ததைப் பொறுக்காமல் வீட்டுக்குள் வர மறுத்துக் கோபத்தோடு வெளியில் நின்ற மூத்தவன் ஒருவன் இருக்கிறான். எத்தனை தரம் வாசித்திருக்கிறேன். அவன் நான்தான் என்று ஒரு தரமும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் கதிரை படலைப் பக்கம் திரும்பியது. காற்று வருகிறது என்று சொன்னீர்கள். ஊருக்குள் திரிகிற மான்கள் பின்னேரத்தில் வந்து படலையை முட்டும். சத்தம் கேட்டவுடன், "ஆரது?" என்று கேட்பீர்கள்.

"மான் மாமி."

"மானே? சரி, சரி. துரத்திவிடு."

நாலு மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு காலையில் வலது கையும் காலும் விழுந்துபோய், மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

நேசன் வந்தான். ஆனால் படலைக்கு வெளியில்தான் நின்றான். நீங்கள் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றான். அவன் அண்ணன் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் என்னிடம் மெல்லச் சொன்னான்: "ஒரு சொல் சொல்லி அனுப்பியிருந்தா ஓடி வந்திருப்பன் அண்ணி." நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் குனிகிறேன் என்று அவன் நினைத்திருப்பான். அதற்குப் பிறகு ஆறு வருடம் ஆராதனைக்குப் போய், பாட்டுப் பாடி, திருவிருந்தில் அப்பமும் இரசமும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. நாடகத்தில் மன்னிப்புக் கேட்கிறவர்களைப் பார்த்து அழுதுவிட்டு, நானே கேட்டுவிட்டதுபோல நெஞ்சு லேசாகி எழுந்து போயிருக்கிறேன். நல்ல கதையில் அப்படி ஓர் ஆபத்தும் இருக்கிறது மாமி. அது நம்மைச் சும்மா இருத்தி வைத்தே நல்லவர்களாக்கிவிடுகிறது.

போன வியாழக்கிழமை அந்தப் பகுதி வந்தது. வீட்டில் நான் மட்டும்தான். கிழவன் போனான், தட்டினான், சொன்னான். நல்ல துலக்கமான தமிழ். மாற்றிச் சொல்ல நான் தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு உப்புவெளி பஸ் ஏறினேன்.

நேசன் முற்றத்தில் ஒரு படகு எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். கை முழுக்க ஒயில். என்னைக் கண்டு, "என்ன அண்ணி, அண்ணைக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று பதறிப்போய் எழும்பினான். இல்லை என்று சொல்லி, நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். வெள்ளைச் சீலையையும் சொன்னேன். கௌரி தேத்தண்ணியோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அவ வர இருந்தவவோ?" என்றான்.

"ஓம் தம்பி. அயன் பண்ணினது நான்தான்."

துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். ஒயில் போகவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அம்மா என்னை வெறுத்துப்போட்டுத்தான் போனவ எண்டு நினைச்சுப் பழகிட்டன் அண்ணி. இனி, அவ வர இருந்தவ எண்டு பழக வேணும். இதைவிட அது லேசாக் கிடந்தது."

நாடகம் என்றால் இந்த இடத்தில் வயலின் வாசிப்பார்கள். அவன் என்னைக் கட்டிப் பிடித்து அழுவான். நேசன் திரும்பிக் குந்தி எஞ்சினைப் பிரிக்கத் தொடங்கினான். கௌரிதான், "இருங்கோ அக்கா, தேத்தண்ணி ஆறுது" என்றாள். குடித்தேன். பஸ்ஸடிவரை அவள்தான் கூட வந்தாள். "எங்கட வீட்டுக்கு இண்டைக்குத்தான் முதல்முதல் வந்திருக்கிறீங்கள்" என்றாள். அது குறையா, வரவேற்பா என்று எனக்கு விளங்கவில்லை. "நீங்களும் வாங்கோ" என்றேன். "அவரைக் கேக்கிறன்" என்றாள்.

மாமி, அந்த நாளின் பக்கம் இதோ என் முன்னால் இருக்கிறது. உங்கள் காதுக்குள் பொய் சொன்ன நான், கொப்பியில் பிழையாக எழுதவில்லை. கணக்கு எழுதிப் பழகிய கை, அன்று நடந்ததை அப்படியே எழுதிவிட்டது. இப்போது சரியாகச் சொல்கிறேன், கேளுங்கள். வண்டியில் போனது கிழவன். தட்டியது கிழவன். மகன் கதவைத் திறந்ததும் அவன் சொன்னது இது:

"நீ வருவாய் என்று இத்தனை நாளும் என் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மகனே. அதைப் பூட்டியவன் நான் என்பதை மறந்துவிட்டேன். உள்ளே வரலாமா?"

பிறகு? பிறகு ஐந்து நாள் போய்விட்டது. நேசன் வரவில்லை, கௌரியும் வரவில்லை. படலைக்கு நான் கொளுக்கி போடுவதில்லை. இன்றைக்குப் பின்னேரம் நாடகம் போய்க்கொண்டிருக்கும்போது படலை அசைகிற சத்தம் கேட்டது. "ஆரது?" என்று இருந்த இடத்திலிருந்தே கேட்டேன், உங்களைப் போலவே. எழுந்து போய்ப் பார்த்தேன். மான். நான் நட்ட வெண்டிக்கன்றில் இரண்டைத் தின்றுவிட்டு, மூன்றாவதில் வாயை வைத்துக்கொண்டு நின்றது.

துரத்திவிட்டேன். படலையைச் சாத்தவில்லை.