கழுத்தில் போட்ட ஊசியும் உங்கள் சத்தமும்

என் வீட்டுக்காரருக்கு, ஆசையோடு எழுதிக்கொள்வது.

தலைவலி விட்டுவிட்டது! முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகக் கேளுங்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு, கொழும்பிலிருந்து வந்த மகள் என்னைப் பசறை வழியாகப் பதுளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர், கழுத்தைத் திருப்பச் சொல்லிப் பிடரியில் ஓரிடத்தை அமுக்கினார். வலி நேரே கண்ணுக்குப் பின்னால் போய்க் குத்தியது.

“தலையில ஒண்டுமில்லையம்மா. கழுத்திலயிருந்துதான் வலி ஏறுது. கனகாலம் தலையில பாரம் சுமந்தனீங்களோ?”

“தேயிலக் கொழுந்துக் கூடைங்க. கயித்தத் தலையிலதானே மாட்டுவோம்.”

கழுத்தில் ஸ்டீராய்டு ஊசி என்றதும் எனக்கு உயிர் போய் வந்தது. கை கால் விளங்காமல் போய்விடும் என்று லயத்து வீடுகளில் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். மகள் விடவில்லை. மெஷினில் எலும்பைப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டார்கள். சில மாதம் தாங்கும், கழுத்துப் பயிற்சியையும் விடக் கூடாது என்றார் டாக்டரம்மா. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

மலையில் நீங்கள் ஒரு குரல் கொடுத்தால் எதிர்மலையில் கொழுந்து பறிப்பவள்கூட நிமிர்வாள். அப்படிப்பட்ட கங்காணி, சத்தம் கேட்டாலே வெடிக்கும் என் தலைக்காக வீட்டில் கிசுகிசுத்தே குடும்பம் நடத்தினீர்கள். “என்னக்கா, அண்ணன் கோவமா? பேச்சு சத்தத்தையே காணோம்” என்று பக்கத்து வீட்டு மாரியாயி கேட்பாள். ஒருநாளாவது முகம் சுளித்தீர்களா? எத்தனை பெண்களுக்கு இப்படி ஒருவர் வாய்ப்பார்? நன்றி என்று நேரில் சொல்லியிருந்தால் கேலி செய்திருப்பீர்கள். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தச் சத்தமும் இப்போது என்னை ஒன்றும் செய்வதில்லை. உங்கள் குரலை ஆசைதீரக் கேட்க வேண்டும் என்றிருந்தது. நீங்கள் மகளுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை அவள் போனில் முழுச் சத்தத்தில் வைத்தேன். எல்லாமே கிசுகிசுப்புத்தான்.

“அம்மா படுத்திருக்கா தாயி. மெதுவாத்தான் பேசணும்.”

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மகளும் அழுதாள், நானும் அழுதேன். மலையில் கூப்பிட்ட அந்தக் குரலை எங்கே போய்த் தேடுவது?

பயிற்சியை விட மாட்டேன். மறுபடி ஊசிக்கு வரச் சொன்னாலும் பயப்படாமல் போவேன். இது சத்தியம். நான் அங்கே வரும் நாளில், நீங்கள் வாய்விட்டே கூப்பிடுங்கள். தலையைப் பிடிக்காமல் திரும்பிப் பார்ப்பேன்.

என்றைக்கும் உங்கள் சம்சாரம்,
ராமாயி