பாஸ்காவுக்குப் பிறகும் ஒருசந்தி

என் பொக்கைவாய்ப் பெரியப்பாவுக்கு,

அங்கே சாப்பாடு எப்படி? ரேஷன் இல்லாத ஊராயிற்றே, அரிசிச் சோறுதானே? இங்கே இன்னும் கல்லில் அரிசி பொறுக்குகிறோம். உலகச் சண்டை முடிந்துவிட்டதாம். அடுப்புக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை.

போன வருஷம் உங்களை அடக்கம் செய்த மறுநாள் நடந்தது உங்களுக்குத் தெரியாது. மத்தியானம் உங்கள் அறை ஜன்னலில் காக்கைகள் வந்து கத்தின. விரட்டினாலும் போகவில்லை. நேரத்துக்கு இலை போடாத வீட்டில் விருந்தாளி முறைப்பதுபோல எங்களை முறைத்தன. அம்மா வெளியே எட்டிப் பார்த்தாள். சுவரோரம் முழுக்கக் காய்ந்த சப்பாத்தித் துண்டுகள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைக் கொடுத்தார்கள். சாந்தோமில் பிறந்த அம்மாவுக்குச் சப்பாத்தியைப் பற்றி என்ன தெரியும்? "இது சப்பாத்தியா, காலில் போடுற சப்பாத்தா?" என்று கேட்பேன். பொக்கை வாய் தெரிய நீங்கள்தான் முதலில் சிரிப்பீர்கள். இருக்கிற கொஞ்சம் சோற்றையும் வாயு என்று சொல்லி எங்கள் தட்டுக்குத் தள்ளுவீர்கள். சப்பாத்தியை அறைக்கு எடுத்துப் போவீர்கள்.

பாஸ்காவுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் அம்மா கெஞ்சினாள். "மாமா, அறுபது தாண்டினவங்களுக்கு ஒருசந்தி கடமையில்லன்னு சாமியாரே சொல்றாரே. ரெண்டு வேளையாவது சாப்பிடுங்க."

"பழகிப்போச்சும்மா. ஆண்டவருக்காக ஒரு வேளை போதும்."

கோயிலில் உங்களை உதாரணம் காட்டினார்கள். நாங்களும் பெருமைப்பட்டோம். தபசு முடிந்து பாஸ்கா திருநாள் மணி அடித்து ஓய்ந்த பிறகும் நீங்கள் சாப்பிடவில்லை.

"இன்னும் என்ன ஒருசந்தி, பெரியப்பா?"

"அடுத்த வருஷத்துக்கு ஒத்திகைடி, வாயாடி."

வீடே சிரித்தது. உங்கள் விலா எலும்பு தெரிந்ததைக்கூடப் பக்தி என்று நினைத்த குடும்பம் நம்முடையது. மாவைக் கஞ்சியாகக் காய்ச்சித் தா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? தம்பி வீட்டில் வாய் திறப்பது அவ்வளவு கேவலமா?

இப்போது மறுபடியும் தபசு காலம். புருஷன் இறந்ததும் உங்கள் தங்கை, என் அத்தை, நம்மோடு வந்துவிட்டார். அவருக்கும் பல் இல்லை. தபசு தொடங்கும் விபூதிப் புதனன்று தட்டைத் தள்ளிவைத்து, "பசிக்கலடி, ஒருசந்தி" என்றார். அச்சாக உங்கள் குரல். அம்மா கரண்டியோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்து இவருமா?

வாசலில் பட்டினப்பாக்கத்து மீன்காரம்மா. ஓடினேன். "பல்லில்லாதவங்களுக்கு மெத்துனு எதுனா இருக்கா?"

"சுறா கீது பாப்பா. வேகவெச்சு உதுத்து புட்டாக்கிக் குடு. பல்லு இன்னாத்துக்கு?"

புட்டு வந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு அத்தை எதிரில் உட்கார்ந்தேன்.

"என்னடி முறைக்கிற?"

"நான்தான் காக்கா. நீங்க சாப்பிடற வரைக்கும் கத்துவேன். கா! கா!"

அத்தை சிரித்தார். திறந்த வாயில் ஒரு பிடி வைத்தேன். மென்றபடியே அழுதார். "அண்ணனுக்கு இதை யாருமே செஞ்சு தரலியா?" என்று கேட்டார். அம்மா இன்னும் கொஞ்சம் புட்டை அள்ளி வைத்தாள். அத்தை தட்டைக் காலி செய்தார்.

இனி இந்த வீட்டில் வயதானவர் யார் பசிக்கவில்லை என்றாலும் நம்ப மாட்டேன், பெரியப்பா. தட்டு காலியாகும்வரை எதிரில் உட்கார்ந்து கத்துவேன். உங்கள் ஜன்னலுக்குக் காக்கைகள் வருவதில்லை. இனி வரவும் விட மாட்டேன்.

உங்கள் தம்பி மகள்,
வாயாடி லூர்து