வீட்டுக்கு வந்த வாடை

அன்பு மகளுக்கு,

மூன்று அறைகளும் ஒரு மாடிப்படியும் கொண்ட மாபெரும் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தி, உன்னைத் தோளில் சுமந்து வளர்த்த சித்தப்பா எழுதுவது. இங்கே நான் நலம், சித்தியும் முழங்காலுக்கு மேலே நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இல்லாவிட்டால் இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் ஆகிவிடுங்கள். போனில் பேசினால் சித்தி காதில் விழும், அதனால்தான் காகிதம்.

வீட்டை விற்றுவிட்டு, அவளுக்குப் படி ஏற வேண்டாத இடமாகத் தரைத்தளத்தில் ஒன்று வாங்கப் போகிறோம் என்று சொன்னேன் அல்லவா, அது இப்போது சந்தி சிரிக்கிறது. முதலில் வந்த பல் டாக்டருக்கு வீடு பிடித்துப்போய் விலைகூடப் பேசியாயிற்று. கிளம்பும்போது அவர் மனைவி கூடத்தில் நின்று மூக்கைச் சுருக்கி, "என்னமோ ஒரு வாடை வருதில்ல?" என்றாள். அவ்வளவுதான், மறுநாளே வேண்டாம் என்று தரகரிடம் சொல்லிவிட்டார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். உன் சித்தப்பா என்றைக்குச் சும்மா இருந்தான்? தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கி, எங்கள் வீட்டில் ஏதாவது வாடை வருகிறதா, உள்ளதைச் சொல்லுங்கள் என்று விசாரித்தேன். இத்தனை வருஷம் நம் கூடத்தில் உட்கார்ந்து மூக்குப்பிடிக்கச் சாப்பிட்ட எதிர்வீட்டு டெய்லர், "நீங்களே கேக்கறதால சொல்றேன் சார், லேசா இருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். மூலைக் கடைக்காரர் நம் வாசல்படியை மிதித்ததே இல்லை, அவருக்குக் கல்லா வரைக்கும் வருகிறதாம். சாக்கடையைத் திறந்தேன், அலமாரிகளை நகர்த்தினேன், அண்டசராசரத்தையும் கழுவிவிட்டேன், எலிப் புழுக்கைகூட இல்லை. சரி என்று பெயிண்ட் அடித்தால், அடுத்து வந்தவர் சுவரைத் தடவிப் பார்த்து, எதை மறைக்கிறீங்க என்கிறார். ஒரு செங்கல் நகரவில்லை, ஒரு ஜன்னல் குறையவில்லை, வீடு பாதி விலையாகிவிட்டது. மீதிப் பாதி எங்கேய்யா போச்சு என்று தரகரைக் கேட்டேன். "நாலு பேர் வாயில இருக்கு சார், நான் என்ன பண்ண" என்றார்.

பாதி விலைக்கே தள்ளிவிடச் சொல்கிறாள் சித்தி. உட்கார்ந்து உட்கார்ந்து படி இறங்கறது நான், நீங்க இல்ல என்கிறாள். அந்தப் பணத்துக்குத் தரைத்தளத்தில் ஒரு குளியலறைதான் கிடைக்கும் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? நேற்றுச் சாயங்காலம் அவள் கண்ணயர்ந்தபோது கூடத்தின் நடுவில் நின்று, கண்ணை மூடி, ஊர்க் காற்றெல்லாம் தீர்ந்துபோகும்படி ஓர் இழுப்பு இழுத்தேன். எனக்கும் வந்தது மகளே. லேசாக.

அதனால் இனி உன் மூக்கைத்தான் நம்பியிருக்கிறேன். அந்தக் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துப் பாடம் படித்தவள் நீ, யார் பேச்சும் எட்டாத தூரத்தில் இருப்பவள். லீவுக்கு வரும்போது வாசலில் நின்று முதல் மூச்சிலேயே சொல்லிவிடு, நீ சொல்வதைத்தான் நான் எடுத்துக்கொள்வேன் என்று எழுத உட்கார்ந்தேன். எழுதிய பிறகுதான் உறைக்கிறது, மிச்சமிருந்த அந்த ஒரு மூக்கிலும் நானே வாடையை ஏற்றிவிட்டேன். கிழித்துப் போடலாம். வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை ரொம்ப மிரட்டாதே. குறையொன்றும் இல்லாமல் நீங்கள் இருவரும் வாழ வேண்டும். டிக்கெட் போட்டதும் சொல்லு, சித்தி உன் அறையை இப்போதே பெருக்கி வைத்திருக்கிறாள், ஜன்னலையும் திறந்தே வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
பாதி விலைச் சக்கரவர்த்தி,
உன் சித்தப்பா