போட் டியூப் மாட்டிய பைக்

நைனா,

பைக்கை ஸ்டார்ட் பண்ணாதே. நீ போட்டிலிருந்து வெட்டி வந்து மாட்டிய டீசல் டியூப் ஊறிப்போய், எஞ்சின் மேலேயே பெட்ரோல் சொட்டுகிறது. சூடேறினால் பற்றிக்கொள்ளும். "கடலுக்கே தாங்கிச்சு, ரோட்டுக்கு இன்னா?" என்று நேற்று கத்தினாய். கடலைத் தாங்கும், நைனா. இப்போது வரும் பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனாலைத் தாங்காது.

அதைத் தாங்கும் டியூப் வாங்க டோல்கேட் ஸ்பேர் கடைக்குப் போகிறேன். சாவியை ஒளித்தால் ஸ்க்ரூடிரைவரில் கிளப்புவாய். அதனால் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி எடுத்துப் போகிறேன். திட்டை மிச்சம் வை, வந்து வாங்கிக்கொள்கிறேன்.

சங்கரா குழம்பு மூடியிருக்கிறது. பைக் பக்கத்தில் பீடி வேண்டாம்.

மறந்துவிட்டேன்: மீன் ஏலத்துக்கு அம்மாவோடு ஆட்டோவில் போ. வண்டிக்கு ஸ்பேர் கிடைக்கும். உங்கள் ரெண்டு பேருக்கும் நான் எந்தக் கடையில் போய் நிற்பேன்?

நிதிஷ்