விசிறியில் உதிர்ந்த ஏடுகள்

அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். அக்ரா வெயில்தான் தாங்கவில்லை.

நீங்கள் சொல்லித்தான் அக்பெகோ மாமாவின் சாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் படப் புத்தகத்தை எங்கள் அச்சகத்தில் கொடுத்தார்கள். நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். "மெல்லிசு புத்தகம், நடுவுல ரெண்டு பின் அடிச்சாப் போதும்" என்றார் முதலாளி. முதுகில் மாமாவின் பெயர் தெரிய வேண்டும் என்று நான்தான் பசை பைண்டிங்குக்கு அடம் பிடித்தேன். பளபளவென்று லேமினேஷன் வேறு.

நம் ஆட்கள் சாவுக்கு வந்தால் புத்தகத்தைப் படிப்பார்களா, விசிறுவார்களா? எனக்குத் தெரியாததா? பிரசங்கம் நீண்டது, கோயிலே விசிறியது, பசை விட்டது. மாமாவின் படங்கள் பறந்துபோய்ச் செருப்புகளுக்கு அடியில் கிடந்தன. குனிந்து பொறுக்கினேன். அகோர்ஃபா அத்தை, "விடுடி, அந்த மனுஷன் உசிரோட இருந்தப்பவும் ஒரு இடத்துல உக்காந்ததில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பதிலாக அவர் என்னைத் திட்டியே இருக்கலாம்.

நம் ஊர் ஹோஹோய்க்கு வரும் வண்டி டிரைவரிடம், நூல் போட்டு நானே தைத்த ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறேன். அதைத் தைத்ததில் என் ஊசி முறிந்துவிட்டது. உங்கள் சாக்கு தைக்கும் ஊசியை அனுப்புங்கள். கொஞ்சம் கருவாட்டுத் தூளும் வையுங்கள், தனியாகச் சாப்பிட எதுவும் ருசிக்கவில்லை.

வண்டி கிளம்புகிறது. புத்தகத்தை முதலில் நீங்கள் பலமாக விசிறிப் பாருங்கள். ஓர் ஏடும் உதிராவிட்டால் மட்டும் அத்தையிடம் கொடுங்கள். கிறிஸ்துமஸுக்கு நான் வருவதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள், இன்னொரு கேலியைத் தயாராக வைத்திருப்பார்.

செனானு