எட்டு வினாடிக் குரல்

லுசாகா,
3 ஜூன் 2019

அன்புள்ள சூல்வே அண்ணா,

எப்படி இருக்கிறாய்? நான் கொடுத்தனுப்பிய சோப்பும் கருவாடும் வந்ததா என்று நீ எழுதவே இல்லை.

கல்லூரியில் இறுதியாண்டு வேலை அரை மணி நேர வானொலி நிகழ்ச்சி. ஒலிப்பதிவு, இசை, தொகுப்பு எல்லாம் நம் கையாலேயே செய்ய வேண்டும். நான் மினிபஸ் நிலையத்தை எடுத்துக்கொண்டேன். நடத்துனர்கள் கூவுவதையும் கதவு இழுபடுவதையும் தாளமாக அடுக்கியிருக்கிறேன். மைக் ஒயர் மேல் ஒரு பஸ் ஏறிவிட்டது. நானே பற்றவைத்தேன், விரலில் கொப்புளம்.

நடுவில் உன் பாட்டு வருகிறது. காலை முதல் டிரிப்பில் ஓட்டிக்கொண்டே பாடுவாயே, அது என் பழைய போனில் இருந்தது. எஞ்சின் இரைச்சலைப் பாதி குறைத்தேன். ஆசிரியர் கேட்டுவிட்டு, "யாரும்மா இது? இந்தக் குரல்தான் நிகழ்ச்சியே" என்றார். 22ஆம் தேதி ஒலிபரப்பு. உன் பெயரைச் சொல்லலாமா?

உன் தங்கை,
சிப்பேகோ

---

கப்வே சிறை,
8 ஜூன்

அன்புள்ள சிப்பேகோ,

கருவாடு வந்தது. எட்டுப் பேர் சாப்பிட்டோம்.

பெயர் வேண்டாம், பாட்டும் வேண்டாம். நான் ஓட்டிய மினிபஸ் விபத்தில்தான் ஒரு பெண் செத்துப்போனாள். அவள் புருஷன் சியாமே, சிலெஞ்செ மார்க்கெட்டில் தையல் கடை வைத்திருக்கிறார். தையல்காரர்கள் நாள் முழுக்க ரேடியோ கேட்பவர்கள். அவரிடம் கேட்டாயா? கேட்டுவிட்டு எனக்கு எழுது.

அண்ணன்,
சூல்வே

---

லுசாகா,
30 ஜூன்

அன்புள்ள அண்ணா,

உன்மேல் கோபத்தோடுதான் போனேன். நான் யார் என்று சொன்னதும் சியாமே மிஷினை நிறுத்தினார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டை முழுக்கக் கேட்டார். "நல்ல குரல். ஆனா ரேடியோல போடாதம்மா" என்றார். பிறகு, "எங்கிட்ட அவ குரல் தனியா ஒண்ணுகூட இல்ல. போட்டோதான் இருக்கு" என்றார்.

நான் எழுந்தபோது ஒரு கேசட்டைக் கொடுத்தார். சர்ச் பாடகர் குழுவின் பதிவு. "முப்பது பேர்ல அவளும் ஒருத்தி. தனியாப் பிரிச்சுத் தர முடியுமா?"

உன் பாட்டை எடுத்துவிட்டேன். அந்த இடம் வெறுமையாகவே ஒலிபரப்பானது. மார்க் குறைந்தது. கேசட்டோடு இரண்டு வாரம் உட்கார்ந்தேன். பாட்டிலிருந்து அவர் மனைவியின் குரலைப் பிரிக்க முடியவில்லை. ஆனால் ஓரிடத்தில் அந்த அம்மா அடுத்த பாட்டின் எண்ணை அறிவித்துவிட்டு, தப்பு என்று தெரிந்து லேசாகச் சிரிக்கிறார். எட்டு வினாடி. அவர்தான் என்று பாடகர் குழுவில் கேட்டு உறுதி செய்துகொண்டு, அதைச் சுத்தம் செய்து சியாமேயின் போனில் போட்டுக் கொடுத்தேன். என் முன்னால் கேட்க மாட்டேன் என்றார்.

சிப்பேகோ

---

கப்வே சிறை,
9 ஜூலை

சிப்பேகோ,

உன் கடிதம் வந்து ஆறு நாளாகிறது. இங்கே அதிகாரிகள் எல்லாக் கடிதத்தையும் படிப்பார்கள். படிக்கட்டும். முன்விடுதலைக் குழு செப்டம்பரில் என் பெயரைப் பரிசீலிக்கப்போகிறது. இதனால் தள்ளிப்போனால் போகட்டும்.

யாரும் என்னை எச்சரிக்கவில்லை என்று கோர்ட்டில் சொன்னேன். பொய். அந்தப் பெண் எனக்குப் பின்சீட்டில்தான் இருந்தாள். பாலத்துக்கு முன்னால், "தம்பி, கொஞ்சம் மெதுவாப் போப்பா" என்றாள். நான் பாடிக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

சியாமேயிடம் போய்ச் சொல். நீ சொல்ல முடியாது என்றால் இந்தத் தாளையே கொடு.

சூல்வே

---

லுசாகா,
15 ஜூலை

அண்ணா,

என்னால் சொல்ல முடியவில்லை. தாளைக் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தார். கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். மறுபடி படித்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. கத்தரிக்கோலை மேஜையில் நேராக வைத்தார், பிறகு கோணலாக வைத்தார். நான் கிளம்பும்போதுதான் பேசினார்.

"உங்க அண்ணன்கிட்ட ஒண்ணு கேட்டு எழுதும்மா. அவ அதைக் கோபமாச் சொன்னாளா, பயந்துபோய்ச் சொன்னாளா, இல்ல வீட்ல பேசுற மாதிரி சும்மாச் சொன்னாளா?"

யோசித்து எழுது. அவர் காத்திருக்கிறார்.

சிப்பேகோ