ஜெனிலா மேல் விழுந்த சிவப்புக் குறி

வியாழன், இரவு.

இன்று மாலை என் வகுப்புக்கு ஆன்லைன் தேர்வு வைத்தேன். புன்னைக்காயலில் வீட்டிலிருந்து எழுதிய ஜெனிலாவுக்கு மட்டும், காப்பியடிப்பதாகச் சந்தேகப்பட்டுக் கண்காணிப்பு மென்பொருள் போடும் சிவப்புக் குறி விழுந்தது. வீடியோவைப் பார்த்தேன். தேர்வுக்கு நடுவே எழுந்து நிற்கிறாள், உதடுகள் அசைகின்றன. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போன் போட்டேன்.

“ஏளா, யார்கிட்ட பதில் கேட்ட?”

“ஐயோ மேம், கோயில்ல ஆறு மணி அடிச்சிட்டுல்லா. எந்திச்சி செபம் சொன்னேன். அப்பா வேற கடல்ல இருக்காவ.”

மாலை ஆறுக்குத் தேவாலய மணி அடித்தால் அந்த ஊரே நின்று செபிக்கும். தெரிந்தும் அந்த நேரத்தில் தேர்வு வைத்தவள் நான்தான். குறியை நீக்கினேன்.

“மார்க்குக்கும் வேண்டிக்கிட்டியா?”

“எங்க மேம்? கடைசிக் கேள்விக்கே நேரமில்லாமப் போச்சி.”

சிரித்துவிட்டேன். அந்தக் கேள்வியை நாளை காலை அவளுக்குத் திறந்துவிட வேண்டும்.

அவள் அப்பா கரைக்கு வந்துவிட்டாரா என்று கேட்கத்தான் மறந்துபோனேன்.